லஞ்சுக்குப் போன சார்!

திருப்பூர் பனியன் விமானத்தில் போகிறது என்று யாராவது சொன்னால் பெருமைப்படாதீர்கள். முதலாளிக்கு அன்று சோறு இறங்கியிருக்காது. ஒழுங்காகத் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏற வேண்டிய சரக்கு அது. சாயத்தில் நாலு நாள், தையலில் மூணு நாள் என்று இழுத்து, கப்பலை விட்டாச்சு. வெளிநாட்டுக்காரர் தேதியை மாற்ற மாட்டார். 'ஏர்ல அனுப்பு, செலவு உன்னுது' என்பார். லாபம் அங்கேயே டாட்டா காட்டிவிடும்.

இந்த மாதிரி அவசரச் சரக்குக்குக்கூட முன்பெல்லாம் எவ்வளவு காகிதம் தெரியுமோ? ஒரு விமானச் சரக்கோடு 30 காகிதங்கள் வரை பயணம் செய்வதாக, விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான 'ஐயாட்டா' கணக்குச் சொன்னது. கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ் பையன் அக்குளில் ஃபைலோடு மேஜை மேஜையாக ஓடுவான். ('சார் லஞ்சுக்குப் போயிருக்கார்' என்பதுதான் அந்தக் காலத்து எரர் மெசேஜ்!)

இப்போது ஷிப்பிங் பில்லை உட்கார்ந்த இடத்திலிருந்தே கஸ்டம்ஸின் 'ஐஸ்கேட்' தளத்தில் போடலாம். மற்ற ஆவணங்களை டிஜிட்டல் கையெழுத்தோடு 'இ-சஞ்சித்'தில் ஏற்றிவிடலாம். எந்தச் சரக்கைச் சோதிப்பது, எதை விட்டுவிடுவது என்று கம்ப்யூட்டரே ரிஸ்க் பார்த்துச் சொல்கிறது. ஏர்வே பில்லிலும் 2019 ஜனவரி 1 முதல் மின்னணு வடிவம்தான் முறை என்று 'ஐயாட்டா' அறிவித்துவிட்டது. நல்ல விஷயம். அந்தக் காகிதக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

வில்லங்கம், சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. ஆரம்பம். ஐ.ஜி.எஸ்.டி. கட்டி ஏற்றுமதி செய்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். தனி விண்ணப்பம் வேண்டாம், ஷிப்பிங் பில்லே விண்ணப்பம். கேட்கத் தேனாக இருக்கிறதல்லவா? கம்ப்யூட்டர் ஷிப்பிங் பில்லையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒன்றில் இன்வாய்ஸ் நம்பர் 045/17-18. இன்னொன்றில் வெறும் 045. அவ்வளவுதான். 'எஸ்.பி. 005' என்று ஒரு எரர், பணம் நின்றுவிட்டது! ஒருத்தரா, ரெண்டு பேரா? தேங்கிப் போன ரீஃபண்டைத் தீர்க்கவே 2018-ல் மார்ச்சிலும் ஜூனிலும் கஸ்டம்ஸ் தனி முகாம் நடத்த வேண்டி வந்தது. சின்ன யூனிட்காரருக்கு அந்தப் பணம்தான் சார் சனிக்கிழமை சம்பளம்!

வழி என்ன செய்தார்கள்? 'ரெண்டு நம்பரும் ஒரே இன்வாய்ஸ்தான்னு அட்டவணை போட்டுக் கொடுங்க. அதிகாரி பார்த்துச் சரி பண்ணுவார்' என்றார்கள். யார்? லஞ்சுக்குப் போனாரே, அதே சார்தான். அவருக்குக் கண் இருக்கிறது. குறுக்கே ஒரு கோடு விட்டுப் போனால் அவருக்குப் புரியும்.

அக்கவுண்ட்ஸ் செக்ஷன் தம்பிகளே, ஒரு வேண்டுகோள். ராத்திரி பதினோரு மணிக்கு ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் செக்லிஸ்ட் அனுப்புவார். படிக்காமல் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ரிட்டர்ன் அடிக்கும்போதும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, போர்ட் கோடு. சென்னைத் துறைமுகத்துக்கு 'ஐ.என்.எம்.ஏ.ஏ. 1'. சென்னை ஏர் கார்கோவுக்கும் அதே எழுத்துகள்தான், கடைசியில் மட்டும் 4. பழக்கதோஷத்தில் 1 என்று தட்டினீர்களோ, பனியன் பறந்துபோய்க் கடையில் தொங்கிக்கொண்டிருக்கும். கணக்குப்படி அது இன்னும் நடுக்கடலில்தான்!