தனியே நடந்து வரும் பிள்ளையும் நமது பதிவேடும்

செப்டெம்பரில் பாடசாலை தொடங்கினால் ஆண்டு 6 பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கடிதத்தோடு வருவார்கள்: "இனி அவன் தானே நடந்து வரட்டும்." அடுத்த வருடம் பஸ் ஏறி இடைநிலைப் பாடசாலைக்குப் போகவேண்டியவன், பத்து நிமிட நடையை இப்போதே பழகட்டும் என்பது நியாயமான எண்ணம். பிள்ளைகளை நமது வீட்டில் வைத்துப் பராமரிக்கும் சைல்ட்மைண்டர்களாகிய நாம் அதற்குக் குறுக்கே நிற்க வேண்டியதில்லை.

பிள்ளை எந்த வயதிலிருந்து தனியே நடக்கலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் சொல்வதில்லை. 1933ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொறுப்பானவர் அதனைத் தீங்கு நேரக்கூடிய விதத்தில் கவனியாது விடுவதைக் குற்றமாக்குகிறது. பொறுப்பானவர் என்றால் பெற்றோர் மட்டுமல்ல, அந்த நேரத்துக்கு நாமும்தான். "ஊரில் நாங்கள் தனியேதானே போனோம்" என்று வாதாடும் பெற்றோரும் உண்டு. இங்கேயும் அப்படித்தான் இருந்தது: ஆய்வாளர் மேயர் ஹில்மன் குழுவினரின் ஆய்வில், 1971இல் ஏழு, எட்டு வயதினரில் 80 சதவீதமானோர் துணையின்றிப் பாடசாலை சென்றார்கள், 1990இல் அது 9 சதவீதம். பழக்கம் விட்டுப்போன தெருவில்தான் நமது பிள்ளை நடக்கப்போகிறது.

கடிதத்தில் கையெழுத்து விழுந்ததும் கவலை தீர்ந்தது என்று நினைப்பதுதான் பிழை. 3.15க்குப் பாடசாலை விடுகிறது, 3.30க்கு நமது கதவு தட்டப்பட வேண்டும். இடையிலுள்ள அந்தக் கால்மணி யாருடையது? பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. பொறுப்பு பாடசாலை வாசலில் தொடங்குகிறதா, நமது வீட்டு வாசலில் தொடங்குகிறதா என்பதை எழுத்தில் வையுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது, பிள்ளை வராத நாள். வீட்டில் ஒரு வயதுக் குழந்தை தூங்குகிறது, இரண்டு வயதுக்காரி அழுகிறாள். இருவரையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தேடப் புறப்பட்டால், அவன் வேறு தெருவால் வந்து பூட்டிய கதவின் முன்னால் நிற்பான். ஆகவே தேடிப் போகக்கூடிய வேறொரு பெரியவரின் பெயரையும் எண்ணையும் பெற்றோர் தரவேண்டும். எத்தனை நிமிடம் பிந்தினால் முதலில் யாரை அழைப்பது, அதன் பின் எப்போது பொலிசுக்கு அறிவிப்பது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அவனுடைய கைபேசியை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாதி நாள் சார்ஜ் இருக்காது. செப்டெம்பரில் கொடுத்த சம்மதம் டிசம்பருக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒக்டோபர் கடைசியில் மணிக்கூடு பின்னே போகும். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். கிளப் முடிந்து வரும் பிள்ளை இருட்டில் வரும்.

நமக்கு நாமே கேட்கவேண்டிய, கொஞ்சம் கசப்பான கேள்வியும் ஒன்று உண்டு. நாம் பிள்ளைகளைக் கூட்டிவரப் போகும் இரண்டு பாடசாலைகள் ஒரே நேரத்தில் விடும்போது பெரியவன் தானே வந்துவிட்டால் நமக்கு எவ்வளவு வசதி! அந்த வசதிக்காக யோசனையை நாமே முதலில் எடுத்துக்கொடுத்தோமென்றால், பிள்ளையின் தயார்நிலையை நேர்மையாக எடைபோட நம்மால் முடியாது. பேச்சு பெற்றோரிடமிருந்தோ பிள்ளையிடமிருந்தோ வரட்டும்.

"தங்கச்சியையும் அவனே கூட்டிக்கொண்டு வரட்டும்" என்றால் மறுத்துவிடுங்கள். ஆறு வயதுக்காரியை நடுவழியில் சமாளிப்பது பத்து வயதுப் பையனின் வேலையல்ல. பெற்றோர் எழுதித் தந்தாலும், நம்மைக் கண்காணிக்கும் ஒஃப்ஸ்டெட்டுக்குப் பதில் சொல்வது நாம்தான்.

சம்மதித்த பிறகு முதல் சில நாட்கள் கூடவே நடங்கள். பிறகு பத்தடி பின்னால், பிறகு கடைசிச் சந்தியில் மட்டும். நிறுத்தியிருக்கும் வான்களுக்கு இடையில் அவன் எப்படிக் கடக்கிறான் என்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே தனியே விடுங்கள். இதெல்லாம் அதிகம் என்று பெற்றோர் நினைத்தால், நமது வாசலை மிதித்த நேரத்திலிருந்து மட்டுமே பொறுப்பேற்பதாக ஒப்பந்தத்தை மாற்றி எழுதலாம். அப்போதும், பிள்ளை வராவிட்டால் எத்தனை மணிக்கு அவர்களை அழைப்போம் என்ற வரியை நீக்கவேண்டாம்.