மார்க் குறைவு குற்றமா? போலிதான் குற்றம்!

இளைஞனே! அரியர் வைத்து பி.காம். முடித்தாய். இப்போது வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஆசை. அத்தா ராயபுரம் கடையில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை, 'மார்க்கைச் சரிக்கட்டித் தருகிறேன்' என்னும் ஏஜென்டிடமா கொட்டப் போகிறாய்?

2023-ல் கனடாவில் என்ன நடந்தது? ஏஜென்ட் தந்த போலி அனுமதிக் கடிதத்தால் பஞ்சாப் மாணவர்கள் நாடுகடத்தலை எதிர்நோக்கி வீதியில் போராடினார்கள்!

ஹார்வர்டு வணிகப் பள்ளிகூட இத்தனை மார்க் வேண்டுமென்று எல்லை வகுக்கவில்லை. பழைய மார்க் மாறாது. ஜிமேட் தேர்வை மறுபடி எழுதலாம். அந்த மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். எண்ணூர் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்த அனுபவமும் உனக்காகப் பேசும். மார்க் குறைந்த காரணத்தை விண்ணப்பத்தில் நேர்மையாக எழுது.

வியாபாரிகளே! கடையில் கலப்படச் சரக்கை ஏற்றாத நீங்கள், பிள்ளையின் சான்றிதழில் கலப்படத்தை அனுமதிக்கலாமா? சிந்தியுங்கள்!