கருவுற்றவளின் கவலை

கருவுற்ற பெண் கலங்கினால், "எல்லோருக்கும் உள்ள பயந்தானே" என்று தேற்றிவிட்டு அப்பாற் செல்வது நம்மவர் வழக்கம். வளர்முக நாடுகளிலே கருவுற்ற பெண்களுள் 15.6 வீதத்தினர் உளநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேருக்கும் நெஞ்சுரம் இல்லாமலா போயிற்று?

வலிகாமத்துத் தோட்டங்களிலே வெங்காயம் நடவும் களை பிடுங்கவும் நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். இன்று ஒருவர் தோட்டம், நாளை மற்றொருவர் தோட்டம். ஏழாம் மாதத்திலே குனிந்து வேலை செய்ய உடல் இடங்கொடாது. நின்றுவிட்டாலோ கூலி இல்லை. நுண்கடன் தவணை கேட்பவர் மட்டும் தவறாது வருவார். குருதியமுக்கத்துக்கு அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாக மருந்து உண்டு. கடன் தவணைக்கு எந்த மருந்தை எழுதிக் கொடுப்பது?

சட்டம் யாது செய்கின்றது? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பழைமையானது, நல்லதுங்கூட. இரு பிள்ளைகளுக்கு மேற்பட்டால் 42 நாள் விடுமுறையே என்றிருந்த வேறுபாடு 2018இல் ஒழிந்து, எல்லாப் பேற்றுக்கும் 84 நாள் என்றாயிற்று. ஆனால் ஓராண்டுக்குள் ஒரே தொழில்கொள்வோரிடம் 150 நாள் உழைத்தவளுக்கே அந்நன்மை. பத்துத் தோட்டங்களிலே முந்நூறு நாள் உழைத்தவள் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியே அல்லள்!

காரியாலயத்துப் பெண்ணுக்கும் நிம்மதி இல்லை. விடுமுறைச் சம்பளம் முழுவதும் தொழில்கொள்வோர் தலையிலே விழுவதால், புதிதாக மணமானவளை வேலைக்கு எடுக்கத் தயங்குவோர் உளர். நேர்முகப் பரீட்சையிலே அவளிடம் கேட்கப்படும் கேள்விகளை நம் வாசகர் அறிவர். கேட்டவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும்.

2015இல் கருவுற்ற தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்குப் போசாக்குக் கொடுப்பனவு வந்தது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் 94.9 வீதம் ஏறியது. தொகை பின்னர் உயர்த்தப்பட்டதாயினும், இழந்த கூலிக்கு அஃது ஈடாகாது.

அரசும் தொழில்கொள்வோரும் தொழிலாளரும் பங்களிக்கும் மகப்பேற்றுக் காப்புறுதி நிதியம் ஒன்று வேண்டும். நாட்கூலிப் பெண்ணும் கமக்காரன் மனைவியும் அதனுள் அடங்க வேண்டும். அரசு அசையும்வரை நாமும் காத்திருப்பதோ? அந்நாட்கூலியைக் கொடுப்போர் நம்மிலேயே பலர். கமக்கார அமைப்புகள் தத்தம் ஊரிலே கூலி வேலை செய்யும் கருவுற்ற பெண்களைக் கணக்கெடுத்து, அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அதனைப் பிரதேச செயலாளரிடமும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கையளிக்கட்டும்.