75 ரூபாய் போன கதை

காலை ஆறரைக்குக் கேளம்பாக்கம் முனையில் நின்று பாருங்கள். நம்மூர்க் கொத்தனார் டிபன் தூக்குடன் காத்திருக்கும்போதே, பிகார், ஒடிசா ஆட்களை ஏற்றிய வண்டி திருப்போரூர்ப் பக்கம் பறந்துவிடும். “அவனுங்க கம்மிக்கு வர்றானுங்க” என்பார். கோபம் நியாயம்தான், ஆள்தான் மாறிப்போகிறது. அவர்கள் கம்மிக்கு வரவில்லை, கூட்டிவருபவர்கள்தான் கம்மியாகக் கொடுக்கிறார்கள்.

குறைந்தபட்சக் கூலிக்குப் பிறந்த மாநிலம் கிடையாது. நோட்டில் எல்லாருக்கும் ஒரே கூலிதான். மேஸ்திரி கமிஷன், முன்பணப் பிடித்தம், தகரக் கொட்டகை வாடகை, கணக்கில் ஏறாத ஓவர்டைம் எல்லாம் போக, கையில் விழுவதுதான் வேறு.

இந்தச் சூது தெரிந்துதான் 1979-ல் மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளைவிடக் குறைத்துக் கொடுக்காதே என்றது 13ஆம் பிரிவு. ஊர்விட்டு வந்ததற்கு மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அதைத் தனியாகக் கொடு என்றது 14ஆம் பிரிவு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் அந்தப் படி இல்லை. வெளிமாநிலத்தார் ஐந்து பேர் இருந்தாலே பாய்ந்த சட்டம், இனிப் பத்துப் பேர் சேர்ந்தால்தான் எட்டிப்பார்க்கும். ஒன்பது பேராகப் பிரித்துக் காட்ட எந்தக் கான்ட்ராக்டருக்கும் சொல்லித்தர வேண்டுமா? ஊதியத் தொகுப்போ ஆண், பெண் பாகுபாட்டை மட்டும் தடுத்துவிட்டு ஓய்ந்துவிட்டது.

கான்ட்ராக்டர் இல்லாமல் தானாக வந்தவரையும் சேர்த்திருக்கிறோமே என்கிறார்கள் புதிய சட்டங்களை ஆதரிப்பவர்கள். பந்தியில் பெயர் எழுதிக்கொண்டு இலையை உருவிவிட்டால் அது என்ன விருந்து?

நம் ஆட்கள் கூலிக்குப் போன இலங்கைத் தோட்டங்களை நினைக்காமல் இதை எழுத என்னால் முடியாது. 1922 குடிபெயர்வுச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் வேண்டுமானால் கூலியைச் சொல் என்று இந்திய அரசு பேரம் பேசியது; கண்டியில் ஒரு ஏஜென்ட்டையும் உட்காரவைத்தது. 1927-ல் கொழும்பு, இந்தியத் தொழிலாளருக்கென்றே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போட்டது. தோட்டம் சொர்க்கமாகிவிடவில்லை, கங்காணியும் லயமும் அப்படியே இருந்தன. ஆனாலும், போன நம் ஆளுக்கு என்ன கூலி என்று கேட்க வெள்ளைக்காரன் நடத்திய அரசுக்கே வாய் இருந்தது. பாட்னாவுக்கும் புவனேஸ்வரத்துக்கும் இன்று அந்த வாய் எங்கே போயிற்று? கத்தார்கூட 2021-ல் எந்த நாட்டவரானாலும் மாதம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது என்றது. தோஹாவில் நம் பிள்ளைக்குக் கேட்கும் நியாயத்தைக் கோவளத்தில் ஓட்டல் கட்டும் பிகார்ப் பிள்ளைக்குத் தர மறுப்போமா?

வெளிமாநில ஆளை எடுப்பதற்கு, உள்ளூர்க்காரன் சோம்பேறி என்று காரணம் சொல்பவர்கள் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் கேட்டுவிட்டு வரட்டும். அவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

“எந்த மாநிலத்தவரானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி” என்று ஒரு வரியைத் தமிழ்நாடு எழுதட்டும். மலிவு ஆள் என்ற சரக்கே சந்தையில் இருக்காது. கேளம்பாக்கம் கொத்தனாருக்கும் வண்டியில் இடம் கிடைக்கும்; ‘வடக்கன்’ என்ற வசவும் அன்றோடு செத்துப்போகும்.