தங்க அட்டை இருந்தும் வாசலில் நிற்கிறார்!

விமான நிலையத்தில் ஒரு கதவு உண்டு. அது எல்லோருக்கும் திறக்காது.

கதவுக்கு உள்ளே மெத்தை போட்ட நாற்காலி. சுடச்சுடச் சாப்பாடு. காபி, பழரசம். சில இடங்களில் குளிக்க வெந்நீர்கூட உண்டு. எல்லாம் இலவசம்!

கதவுக்கு வெளியே? கூட்டம், இரைச்சல். உட்கார இடம் தேடி அலையும் ஜனங்கள். ஒரு காபி வேண்டும் என்றால், ஊரில் கொடுப்பதைப்போலப் பல மடங்கு காசு.

இந்த அறைக்கு "லவுஞ்சு" என்று பெயர். ஓய்வு அறை என்று வைத்துக்கொள்வோம்.

யார் உள்ளே போகலாம்? உயர்ந்த வகுப்பில் டிக்கெட் வாங்கியவர் போகலாம். அடிக்கடி விமானத்தில் பறப்பவரும் போகலாம். அடிக்கடி பறப்பவருக்கு விமான கம்பெனி வெள்ளி அட்டை, தங்க அட்டை என்று கொடுக்கிறது. தங்க அட்டைதான் ஓய்வு அறைக்குச் சாவி.

சாவி இருந்தால் கதவு திறக்க வேண்டும் அல்லவா? எப்போதும் திறப்பது இல்லை. அமெரிக்காவில் நடக்கும் வேடிக்கையைக் கேளுங்கள்.

வீட்டுக்காரர் வெளியே, விருந்தாளி உள்ளே!

"யுனைடெட்" என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய விமான கம்பெனிகளில் ஒன்று. 1997-ம் ஆண்டு அது வேறு 4 கம்பெனிகளுடன் கூட்டுச் சேர்ந்தது. கூட்டுக்குப் பெயர் "ஸ்டார் அலையன்ஸ்". நம் நாட்டு ஏர் இந்தியா 2014-ம் ஆண்டு இந்தக் கூட்டில் சேர்ந்தது.

ஒரு கம்பெனியின் தங்க அட்டை, மற்ற கம்பெனிகளின் ஓய்வு அறையிலும் செல்லும். இது கூட்டுச் சட்டம்.

சிகாகோ நகரில் இருந்து டென்வர் நகருக்கு இரண்டு பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே யுனைடெட் விமானம். ஒருவரிடம் யுனைடெட்டின் தங்க அட்டை இருக்கிறது. மற்றவரிடம் ஏர் இந்தியாவின் தங்க அட்டை இருக்கிறது.

இரண்டு பேரும் யுனைடெட்டின் ஓய்வு அறைக்குப் போகிறார்கள்.

ஏர் இந்தியா அட்டைக்காரரை "வாருங்கள்" என்று வரவேற்கிறார்கள்.

யுனைடெட் அட்டைக்காரரை "உங்களுக்கு இடம் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள்!

ஆண்டு முழுவதும் யுனைடெட்டிலேயே பறந்தவர் அவர். அந்தக் கம்பெனிக்கே பணம் கொட்டியவர். அவர் வெளியே நிற்கிறார். எங்கோ வேறு கம்பெனியில் பறந்தவர் உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கிறார்.

உள்நாட்டுப் பயணம் மட்டும் போனால், சொந்தத் தங்க அட்டை செல்லாது என்பது யுனைடெட் வைத்திருக்கும் விதிவிலக்கு. அதே நாளில் வெளிநாட்டு விமானமும் ஏறுவதாக இருந்தால் செல்லும்.

"அமெரிக்கன் ஏர்லைன்ஸ்" கம்பெனியிலும் இதே கதைதான். அது 1999-ல் தொடங்கிய "ஒன்வேர்ல்டு" என்ற கூட்டில் இருக்கிறது. அதன் சொந்த அட்டைக்காரருக்கு, உள்நாட்டுப் பயணத்தில் கதவு அடைப்பு. பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனிகளின் உயர் அட்டைக்காரருக்குக் கதவு திறப்பு.

காரணம் என்ன?

கம்பெனிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

அமெரிக்கா பெரிய நாடு. அங்கே ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு விமானத்தில் போவது சாதாரணம். தங்க அட்டைக்காரர்கள் ஏராளம். எல்லோரையும் உள்ளே விட்டால் அறை சந்தைக்கடை ஆகிவிடும்.

மேலும், இந்த ஓய்வு அறைகளுக்குக் கம்பெனிகள் சந்தா வாங்குகின்றன. ஆண்டுக்குப் பல நூறு டாலர் சந்தா. தங்க அட்டைக்குச் சும்மா திறந்துவிட்டால் சந்தா கட்ட யார் வருவார்?

கம்பெனியின் கணக்கில் பிழை இல்லை. அறை கட்டவும் சாப்பாடு போடவும் பணம் வேண்டும். வந்தவர்களை எல்லாம் உள்ளே விட முடியாது என்பதும் உண்மைதான்.

ஆனால் அந்த மனிதருக்குத் தங்க அட்டை என்று பெயர் வைத்துக் கொடுத்தது யார்? கம்பெனிதானே! கொடுக்கும்போது தங்கம், வாசலுக்கு வந்தால் தகரம் என்பது என்ன நியாயம்?

தொடங்கியது எப்படி?

இது இன்று நேற்று வந்தது அல்ல. உலகின் முதல் ஓய்வு அறை 1939-ம் ஆண்டு நியூயார்க்கில் உள்ள லா கார்டியா விமான நிலையத்தில் திறக்கப்பட்டது. திறந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ். அப்போது அதன் தலைவர் சி.ஆர்.ஸ்மித்.

அறைக்கு "அட்மிரல்கள் சங்கம்" என்று பெயர் வைத்தார்கள். அட்மிரல் என்றால் கடற்படைத் தளபதி. கம்பெனி தன் விமானங்களைத் தளபதிக் கப்பல் என்று அழைத்து வந்தது. ஆகவே முக்கியமான பிரயாணிகளுக்குத் தளபதிப் பட்டம்!

அப்போது காசு இல்லை, அட்டை இல்லை. கம்பெனி யாரை அழைக்கிறதோ அவர்தான் உள்ளே போகலாம். பெரிய மனிதர்களுக்கு அழைப்பு வரும். மற்றவர்களுக்கு வராது.

"இது என்ன பாரபட்சம்?" என்று பின்னால் எதிர்ப்பு எழுந்தது. அழைப்பு முறை போயிற்று. யாரும் சந்தா கட்டிச் சேரலாம் என்ற முறை வந்தது.

1978-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. அதுவரை விமானக் கட்டணம் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. சட்டத்துக்குப் பிறகு கம்பெனிகள் போட்டி போட்டுக் கட்டணம் வைக்கலாம் என்று ஆயிற்று.

போட்டி வந்ததும் கவலையும் வந்தது. நேற்று நம்மிடம் வந்த பிரயாணி நாளை அடுத்த கம்பெனிக்குப் போய்விட்டால்?

அவரைக் கட்டிப்போட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. 1981-ம் ஆண்டு மே 1-ந் தேதி, பறந்த மைலுக்குக் கணக்கு வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நிறைய மைல் சேர்ந்தால் இலவச டிக்கெட். சில நாட்களிலேயே யுனைடெட்டும் இதே போல ஒரு திட்டம் கொண்டுவந்தது.

வெள்ளி, தங்கம் என்ற படிகள் எல்லாம் அதன் மீது கட்டப்பட்டவைதான்.

மனைவியா, பிள்ளையா?

இனி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

தந்தைக்கு வேலை காரணமாக ஊர் ஊராகப் பயணம். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பது இல்லை. பிள்ளையின் பிறந்த நாளுக்கும் அவர் வரவில்லை. அப்படிப் பறந்து பறந்து தங்க அட்டை வாங்கிவிட்டார்.

விடுமுறை வந்தது. மனைவியையும் 2 பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெளிநாட்டுக்குப் புறப்படுகிறார். ஓய்வு அறையின் வாசலில் அட்டையை நீட்டுகிறார்.

"உங்களுடன் ஒருவர் வரலாம்" என்கிறார்கள்.

ஒருவர்தான்! ஸ்டார் அலையன்சில் ஒருவர். ஒன்வேர்ல்டில் ஒருவர். 2000-ம் ஆண்டு தொடங்கிய "ஸ்கைடீம்" கூட்டிலும் ஒருவர். அந்த ஒருவரும் அன்றைய தினம் கூட்டுக் கம்பெனியின் விமானத்தில் போகிறவராக இருக்க வேண்டும்.

கைக்குழந்தைக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு? அவனும் ஒரு ஆள்தான்.

மனைவியை அழைத்துப் போவதா? பிள்ளையை அழைத்துப் போவதா? எந்தத் தகப்பன் இதற்குப் பதில் சொல்வான்! நான்கு பேருமாக வெளியே வந்து, கூட்டத்தில் இடம் தேட வேண்டியதுதான்.

அந்த அட்டைக்காக அவர் மட்டுமா கஷ்டப்பட்டார்? அவர் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டாளே மனைவி, அவளுக்கும் அதில் பங்கு இல்லையா? அப்பா எப்போது வருவார் என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பங்கு இல்லையா?

ஆண்டு முழுவதும் வேண்டாம். தங்க அட்டைக்காரர் தன் குடும்பத்தோடு ஆண்டுக்கு ஒரு முறை உள்ளே வரட்டுமே. அதனால் எந்தக் கம்பெனியும் மூழ்கிவிடாது.

கூட்டத்தை அழைத்தது யார்?

கூட்டம், கூட்டம் என்கிறார்களே, அது எப்படி வந்தது?

"டெல்டா" என்ற அமெரிக்க விமான கம்பெனியைப் பார்ப்போம். அது "அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்" நிறுவனத்துடன் சேர்ந்து கடன் அட்டை கொடுக்கிறது. சில அட்டைகளை வைத்திருப்பவர் டெல்டாவின் ஓய்வு அறைக்குப் போகலாம். இந்த ஏற்பாட்டின் மூலம் 2023-ம் ஆண்டில் மட்டும் டெல்டாவுக்கு வந்த பணம் சுமார் 680 கோடி டாலர்!

அட்டை விற்றது. பணம் வந்தது. கூடவே ஆட்களும் வந்தார்கள். ஓய்வு அறையின் வாசலில் நீண்ட வரிசை நின்றது.

2022-ல் டெல்டா ஒரு விதி போட்டது. விமானம் புறப்பட 3 மணி நேரத்துக்கு முன்னால் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்றது.

2023 செப்டம்பரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. கடன் அட்டைக்காரர் ஆண்டுக்கு இத்தனை தடவைதான் வரலாம். ஒரு வகை அட்டைக்கு 6 தடவை, இன்னொரு வகைக்கு 10 தடவை. அதோடு, உயர்ந்த படியைப் பிடிக்க எவ்வளவு தூரம் பறந்தீர்கள் என்று இனிப் பார்க்கமாட்டோம், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று மட்டும் பார்ப்போம் என்றது. உச்சப் படிக்கு ஆண்டுக்கு 35 ஆயிரம் டாலர்!

பிரயாணிகள் கொதித்து எழுந்தார்கள். டெல்டாவின் தலைவர் எட் பாஸ்டியன், "அளவுக்கு மீறிப் போய்விட்டோம்" என்ற கருத்தில் பேசினார். அடுத்த மாதமே விதி தளர்த்தப்பட்டது. 6 என்பது 10 ஆயிற்று. 10 என்பது 15 ஆயிற்று. 35 ஆயிரம் டாலர் 28 ஆயிரமாகக் குறைந்தது. அதுவும் நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல்.

இந்தத் தடவைக் கணக்கு 2025 பிப்ரவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. வாரம் ஒரு முறை போய்வரும் பிரயாணிக்குப் போக ஒன்று, வர ஒன்று. 15 தடவை என்பது 2 மாதத்தில் தீர்ந்துவிடும்! பிறகு அட்டையை வைத்துக்கொண்டு விசிறிக்கொள்ள வேண்டியதுதான். ஆண்டுக்கு 75 ஆயிரம் டாலர் அந்த அட்டையில் செலவழித்தால் மட்டும் கட்டுப்பாடு இல்லை.

விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டு, பந்தி நிறைந்ததும் வாசலில் ஆள் போட்டுத் தடுப்பது போல இருக்கிறது இது. அழைக்கும்போதே இலையை எண்ணி இருக்க வேண்டாமா?

ஒரு டிக்கெட், 300 சாப்பாடு!

பிரயாணிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை.

சீனாவில் ஒருவர் முதல் வகுப்பு விமான டிக்கெட் வாங்கினார். ஓய்வு அறைக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார். பிறகு டிக்கெட்டின் தேதியை மறுநாளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாளும் வந்தார், சாப்பிட்டார், தேதியை மாற்றினார். ஓர் ஆண்டில் சுமார் 300 தடவை இப்படிச் செய்தார்! கடைசியில் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார். 2014-ம் ஆண்டு இந்தச் செய்தி வந்தபோது உலகமே சிரித்தது.

சிங்கப்பூரில் நடந்தது சிரிப்பில் முடியவில்லை. 2016-ம் ஆண்டு மலேசியாவைச் சேர்ந்த ஒருவர் சாங்கி விமான நிலையத்தில் 18 நாள் தங்கினார். போலி அனுமதிச் சீட்டுகள் தயாரித்து ஓய்வு அறைகளுக்குள் புகுந்தார். பிடிபட்டார். 2 வாரம் சிறை!

ஆகவே விதி வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏமாற்றுபவனைத் தடுக்க விதி வேண்டும். ஆனால் ஏமாற்றாதவனை ஏமாற்றும் விதி வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது: விதி எளிதாக இருக்க வேண்டும். யார் வரலாம், யாரை அழைத்து வரலாம், எப்போது வரலாம் என்பதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் போட வேண்டும். பொடி எழுத்தில் "ஆனால்" போடுவதை விட வேண்டும்.

இரண்டாவது: ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றக் கூடாது. இந்த விதியை நம்பி ஒருவர் ஆண்டு முழுவதும் பறந்து அட்டை வாங்குகிறார். அந்த அட்டை முடியும் வரை அதே விதிதான் இருக்க வேண்டும். புதிய விதி புதிய அட்டைக்கு!

மூன்றாவது, இதுதான் முக்கியம்: கதவுக்கு வெளியே இருப்பவர்களைக் கவனிக்க வேண்டும். விமானத்தில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் அட்டை இல்லாதவர்கள். முதல் முறையாகப் பறக்கும் கிழவி இருப்பாள். வெளிநாட்டில் கூலி வேலைக்குப் போகிறவர் இருப்பார். அவர்களுக்கும் முதுகு வலிக்கும். அவர்களுக்கும் பசிக்கும்.

சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறும் பிரயாணிகள் இலவசமாக சினிமா பார்க்கலாம். வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் உலாவலாம். யாரும் அட்டை கேட்பது இல்லை. பொதுக் கூடம் இப்படி இருந்தால், ஓய்வு அறை வாசலில் ஏன் அத்தனை முட்டல், மோதல்?

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

அட்டை மோகம் பொல்லாதது. தங்க அட்டை கைவிட்டுப் போய்விடுமே என்று ஆண்டின் கடைசியில் வீண் பயணம் போகிறவர்கள் அமெரிக்காவில் உண்டு. போன ஊரில் வேலை இல்லை. பார்க்க ஆள் இல்லை. விமானத்தை விட்டு இறங்கி, அடுத்த விமானத்தில் ஏறித் திரும்பிவிடுவார்கள். ஓய்வு அறையில் கிடைப்பது இட்லி அளவு. அதற்காகச் செலவழிப்பது மாவு மில்லின் விலை!

வேலைக்காகப் பறக்கிறீர்கள், அட்டை தானாக வருகிறது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அனுபவியுங்கள். தவறு இல்லை. ஆனால் அட்டைக்காகப் பறக்காதீர்கள். கடன் அட்டையில் தேவை இல்லாததை வாங்கிக் குவிக்காதீர்கள். இன்று இருக்கும் விதி அடுத்த ஆண்டு இருக்கும் என்று எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்கவில்லை.

விமானத்துக்குள் தங்கமும் சரி, தகரமும் சரி, ஒரே நேரத்தில்தான் ஊர் போய்ச் சேர்கின்றன. காத்திருக்கும் 2 மணி நேரத்துக்காக வீட்டுப் பணத்தையும் வீட்டில் இருக்கும் நாட்களையும் பறிகொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

கையில் ஒரு பொட்டலம் சோறு, ஒரு பாட்டில் தண்ணீர், பக்கத்தில் மனைவி மக்கள். இவை இருந்தால் எந்த நாற்காலியும் ஓய்வு அறைதான்!