மாமண்டூரில் புதையல் கிடையாது



"தமிழ்நாட்டில் ஈயம், துத்தநாகப் புதையல்! தோண்டவிடாமல் தடுப்பது யார்?" என்று ஒரு செய்தி நம் குழுக்களில் சுற்றுகிறது. அனுப்பியவர்களில் மூன்று பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் இத்தனை கோபம்.

முதலில் ஊரைச் சரியாகச் சொல்லுங்கள். செய்தியில் போட்டிருக்கும் படம் காஞ்சிபுரம் பக்கத்துப் பல்லவர் குடைவரை. அந்த மாமண்டூர் வேறு. சென்னை போகும்போது பஸ் நிறுத்தி டீ குடிக்கும் மாமண்டூரும் வேறு. இது பழைய தென்னாற்காடு ஜில்லா மாமண்டூர்.

அங்கே கனிமம் இருப்பது உண்மை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் துளையிட்டுப் பார்த்து எழுதியும் வைத்திருக்கிறது. யாரும் மறைக்கவில்லை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய மிகப் பழைய பாறை அது. அதற்குள் துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றும் கந்தகத்தோடு சேர்ந்து திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. கட்டி கட்டியாக உலோகம் இல்லை. வல்லம் மேட்டை விட்டால் எங்கே தோண்டினாலும் வண்டல் பார்க்கிற நமக்கு இது புரியக் கொஞ்சம் சிரமம்தான்.

கனிமம் இருக்கிறது என்பது வேறு, எடுக்கலாம் என்பது வேறு. எத்தனை டன்? நூற்றுக்கு எவ்வளவு? எவ்வளவு ஆழம்? தொடர்ச்சியாகப் போகிறதா, நடுவில் அறுந்துபோகிறதா? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் சுரங்கம். ராஜஸ்தானில் 1977இல் கண்டுபிடித்த ராம்பூரா ஆகூச்சாவில் நூறு கிலோ தாதுவுக்குச் சுமார் 13 கிலோ துத்தநாகம். அதனால்தான் அது உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்றாக ஆனது.

'ஈயச்சொம்பு செய்யும் ஈயம்' என்று வேறு எழுதியிருக்கிறார்கள். ஐயா, ஈயச்சொம்பு வெள்ளீயம். மாமண்டூரில் இருப்பது காரீயம், விஷம். அதில் ரசம் வைத்துவிடாதீர்கள்.

விஷம் என்று சும்மா சொல்லவில்லை. ஜாம்பியாவில் காப்வே என்ற ஊரில் ஈய-துத்தநாகச் சுரங்கத்தை 1994இல் மூடினார்கள். மூடிய பிறகு பிறந்த குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம். கந்தகத் தாதுக் கழிவில் காற்றும் மழையும் பட்டால் அமிலத் தண்ணீர் ஊறும். அது கிணற்றுக்குத்தான் போகும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். மீத்தேன் வேண்டாம் என்று தெருவில் உட்கார்ந்தோம். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது பட்டாசு வெடித்தோம். அந்தச் சட்டம் டெல்டாவில் தடைசெய்யும் தொழில்களில் துத்தநாக உருக்காலையும் ஒன்று! அதே வாயால் மாமண்டூரைத் தோண்டு என்கிறோம். அங்கே இருப்பவனுக்குக் கிணறு இல்லையா, வயல் இல்லையா?

"அப்போ துத்தநாகமே வேண்டாமா சார்?" என்று கேட்பீர்கள். வேண்டும். நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பித்தளையில் செம்போடு சேர்வது அதுதான். நடவுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ சிங்க் சல்பேட் போடுகிறோமே, அதிலும் அதுதான். எல்லாம் யாரோ ஒருவர் ஊரைக் குடைந்து வந்தது. தோண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன கிடைக்கும், என்ன கெடும் என்ற கணக்கை அந்த ஊர்க்காரர்களிடம் முதலில் வையுங்கள். அவர்கள் சொல்லட்டும்.

பதில் போடுகிறவர்கள் டன் எவ்வளவு, சதவீதம் எவ்வளவு என்று ஆதாரத்தோடு போடவும். குட்மார்னிங் படம் வேண்டாம்.