எரிகோவைச் சுற்றிவந்த பூனை



வீடு சந்திப்புக்குச் செல்லுகிற இடங்களில் சில காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறேன். "ஐயா, பிள்ளையைக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாமா?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர். தூத்துக்குடி, திருநெல்வேலி, விழுப்புரம் என்று பல பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் சூரத்துக்கும் வந்து, விடியற்காலையில் இட்லிப் பானை ஏற்றுகிறவர்களும், வண்டி ஓட்டுகிறவர்களும், பட்டறையில் நிற்கிறவர்களும் இவர்களுள் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கற்கிறதே, நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்பது ஒரு பயம். கம்ப்யூட்டருக்கு முன் உட்காரவைத்தால் உலகம் அவனை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்பது மற்றொரு பயம். இவ்விரண்டையும் வாய்விட்டுச் சொல்லுகிறார்கள். மூன்றாவது ஒன்று உண்டு; அதைச் சொல்லுவதில்லை. "எனக்கே ஒன்றும் தெரியாதே, நான் என் பிள்ளைக்கு என்ன உதவி செய்யமுடியும்?" இந்த மூன்றாவது பயத்தைக் குறித்தே இம்மாதம் அதிகமாக எழுத விரும்புகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு விசுவாசி, மாதச் சீட்டை முன்னதாகவே எடுத்து, இணையவழி வகுப்பு ஒன்றுக்கு ஒரு வருடக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டிவிட்டார். நான்கு வகுப்புகளுக்குப் பின் பிள்ளை உட்கார மறுத்துவிட்டது. பணம் திரும்பவில்லை. சீட்டுத் தவணை மட்டும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. சிறு வயதிலேயே கோடிங் கற்றுக் கோடிக்கணக்கில் சம்பளம் பெறும் சிறுவன் என்று 2020ஆம் ஆண்டில் ஒரு விளம்பரம் வலம்வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு சிறுவன் உண்மையில் இல்லை, கற்பனைப் பாத்திரம் என்பது பின்பு வெளியாயிற்று. அவ்வாண்டில் விளம்பரத் தர நிர்ணய அமைப்பு அந்நிறுவனத்தின் சில விளம்பரங்களை விலக்கிக்கொள்ளச் சொன்னது. ஆகையால் என் ஆலோசனை இது: பிள்ளை தன் கையால் நான்கைந்து சிறு வேலைகளைச் செய்து முடிக்கும்வரை எந்த வகுப்புக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதிருங்கள். தொடக்கத்துக்கு வேண்டியவை யாவும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பள்ளியில் கற்றுத்தருவார்களே என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கோடிங் சார்ந்த செயல்பாடுகள் வேண்டும் என்றது. சி.பி.எஸ்.இ. வாரியமும் 2021இல் அவ்வகுப்புகளுக்கு அதை ஒரு திறன் பாடமாக அறிமுகப்படுத்தியது. ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பிள்ளைகள் உட்காரும் பள்ளிகளில் நம் பிள்ளையின் விரல் விசைப்பலகையைத் தொடுவதே அரிது. வீட்டில் செய்தால்தான் கைக்கு வரும்.

இரண்டாவது பயத்துக்கு வேதம் வழிகாட்டுகிறது. தானியேல் முதலாம் அதிகாரத்தைத் திறந்துபாருங்கள். ஊரைவிட்டு அந்நிய நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்ட நான்கு வாலிபர்களுக்குக் கல்தேயரின் எழுத்தும் பாஷையும் மூன்று வருடம் போதிக்கப்பட்டன. அவர்கள் அந்தப் படிப்பை மறுத்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் மறுத்தது ராஜாவின் போஜனத்தை. எதைக் கற்கலாம், எதைத் தொடலாகாது என்னும் கோட்டை அவர்கள் பள்ளிக்கூடத்தின் வாசலில் போடவில்லை, சாப்பாட்டு மேசையில் போட்டார்கள். நம் வீட்டுக்கும் அதுவே பொருந்தும் என்று எண்ணுகிறேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம், முன்னறையில், திரை எல்லாருடைய கண்ணிலும் படும்படி. இந்தக் கோடு போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு நாம் கொடுக்கும் கட்டளைகளின் வரிசையே நிரல். அதை எழுதுவதைத்தான் பிள்ளைகள் கோடிங் என்கிறார்கள். கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்யும், சொல்லாததைச் செய்யாது. இப்படிப்பட்ட கட்டளை வரிசைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் யாவரும் அறிந்த ஓர் உதாரணம் யோசுவா ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆறு நாள் தினம் ஒருமுறை எரிகோவைச் சுற்றவேண்டும். ஏழாம் நாளில் ஏழுமுறை சுற்றவேண்டும். அதன் பின்பு எக்காளம், ஜனங்களின் ஆர்ப்பரிப்பு, மதில் விழுதல். எத்தனை முறை, எந்த நாளில், எதற்குப் பின் எது என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. நிரலுக்கு வேண்டியதும் இவ்வளவுதான்.

இதை ஒரு பிள்ளை திரையில் செய்துபார்க்க 'ஸ்கிராட்ச்' என்னும் மென்பொருள் உதவும். அமெரிக்காவிலுள்ள எம்.ஐ.டி. நிறுவனத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழுவினர் இதை உருவாக்கி 2007இல் வெளியிட்டனர். 8 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஆங்கிலத்தில் வரிவரியாகத் தட்டச்சு செய்யவேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்தால் நிரலாகும். இதற்கு முன்னோடியாக 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் 'லோகோ' என்னும் மொழியைப் பிள்ளைகளுக்காக உண்டாக்கினார்கள். பள்ளிக் கம்ப்யூட்டரில் ஆமையை நகர்த்திச் சதுரம் வரைந்த ஞாபகம் இளம் பெற்றோரில் சிலருக்கு இருக்கலாம். ஸ்கிராட்சில் ஆமைக்குப் பதிலாக ஒரு பூனை.

பூனையை எரிகோவைச் சுற்றவைப்பது எப்படி? திரையின் நடுவில் பிள்ளை ஒரு மதிலை வரையட்டும். பூனையை மதிலின் இடதுபக்க மேல் மூலையில், வலப்புறம் பார்த்தபடி நிறுத்தவேண்டும். ஸ்கிராட்சின் அளவில் குறுக்கே கழித்தல் 100, உயரத்தில் 100. 'மூவ்' என்னும் கட்டையில் 200 என்றும், 'டர்ன்' என்னும் கட்டையில் வலப்பக்கமாக 90 பாகை என்றும் இட்டு, இரண்டையும் 'ரிபீட்' என்னும் கட்டைக்குள் வைத்து 4 என்று எழுதினால் ஒரு சுற்று. ஓடவிட்டவுடன் பிள்ளை ஏமாந்துபோகும். ஏனெனில் கண் இமைப்பதற்குள் பூனை சுற்றிமுடித்து நின்ற இடத்திலேயே நிற்கும். 'வெயிட்' கட்டையைச் சேர்த்து ஒவ்வொரு மூலையிலும் ஒரு விநாடி நிற்கவைத்தால்தான் நடப்பது தெரியும். 90க்குப் பதில் 60 என்று போட்டால் நான்கு நடையில் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஆறு நடை வேண்டும். கோணம் என்றால் என்ன என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளை இங்கே கண்ணால் காணும்.

பின்பு அந்த ஒரு சுற்றை 6 முறைக்கான ரிபீட்டுக்குள் வைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரவு வந்ததற்காக இன்னும் இரண்டு விநாடி நிறுத்தவேண்டும். அதற்குக் கீழே, இரவு நிறுத்தமில்லாமல், 7 முறைக்கான மற்றொரு ரிபீட். கடைசியில் எக்காளம். இதற்கு 'பிராட்காஸ்ட்' என்று ஒரு கட்டை உண்டு. பூனை ஒரு செய்தியை முழங்கும். மதில் அச்செய்தியைப் பெற்றவுடனே மறைந்துவிடும். நாலைந்து மாலைகளில் செய்துமுடிக்கலாம்.

இப்பொழுது நான் ஒரு வீட்டில் கண்டதைச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வயது மகன் இந்த நிரலைச் செய்து, எனக்குக் காட்ட ஓடவிட்டான். பூனை சுற்றிக்கொண்டேயிருந்தது. அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாயார், ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கம்ப்யூட்டரைத் தொட்டறியாதவர், விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, "தம்பி, முதல் நாளே ஏழு தடவை சுத்துதே! ஆறு நாளும் ஒரு தடவைதானே?" என்றார். அவன் திகைத்துத் திரையைப் பார்த்தான். ஏழுக்குள் ஏழாக ஒரு ரிபீட்டை மற்றொன்றுக்குள் வைத்திருந்தான். பதின்மூன்று சுற்றுக்குப் பதில் நாற்பத்தொன்பது சுற்று! கம்ப்யூட்டர் அதைத் தவறென்று சொல்லவில்லை, சொல்லவும் சொல்லாது. யோசுவாவின் புஸ்தகத்தை அறிந்திருந்த தாய் சொன்னார்.

பெற்றோரே, உங்கள் வேலை இதுதான். முடிவு எப்படி இருக்கவேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும். நீங்கள் கட்டைகளின் பெயரைக்கூட அறியவேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இது என்ன செய்யப்போகிறது, எனக்குச் சொல்" என்று ஓடவிடுவதற்கு முன் கேளுங்கள். ஓடியபின், "நீ சொன்னபடி நடந்ததா?" என்று கேளுங்கள். தவறியிருந்தால் பழிக்காதேயுங்கள், பதிலையும் சொல்லிவிடாதேயுங்கள். பிழையைத் தேடித் திருத்துவதில்தான் படிப்பு இருக்கிறது. பேப்பர்ட்டும் தம் நூல்களில் இதையே வற்புறுத்தினார்.

அந்தக் கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள். பதிலும் தமிழிலேயே வரட்டும். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியோ கன்னடமோ, வீட்டில் ஒற்றை வார்த்தைப் பதில்கள் என்று வளரும் பிள்ளைகள் நம் சபைகளில் அநேகர். தகப்பனும் மகனும் ஒரு காரியத்தைக் குறித்து அரைமணி நேரம் பேசுவது எத்தனை வீடுகளில் நடக்கிறது? பூனை ஏன் மதிலுக்குள் புகுந்தது என்று அப்பாவுக்குத் தமிழில் விளக்கப் பிள்ளை தடுமாறும். தடுமாறட்டும். உட்காரும்போதும் நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசும்படி உபாகமம் ஆறாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பேச்சே நின்றுபோன வீட்டில் வேதத்தைப் போதிப்பது எப்படி?

மகனுக்குத்தான் என்று எண்ணிவிடாதேயுங்கள், சகோதரிகளே. "பெண்பிள்ளைக்கு எதற்கு ஐயா" என்று ஒரு தாயார் சொன்னபோது எனக்கு வருத்தமாயிருந்தது. கணக்கிடும் இயந்திரம் ஒன்றுக்கான நிரலை 1843இலேயே எழுதி வெளியிட்டவர் அடா லவ்லேஸ் என்னும் பெண். உலகின் முதல் நிரலர் என்று பலரும் அவரைத்தான் சொல்லுகிறார்கள்.

சில மாதங்களில் கட்டைகள் போதாது என்று பிள்ளை தானாகக் கேட்டால் 'பைத்தான்' என்னும் மொழிக்குப் போகலாம். கீடோ வான் ராஸம் என்னும் நெதர்லாந்துக்காரர் 1991இல் வெளியிட்ட மொழி, இதுவும் இலவசம். சி.பி.எஸ்.இ. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் இதையே கற்பிக்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சர்ப்பம் என்று கலங்கவேண்டாம். அது ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து வந்தது.

சாட்ஜிபிடி போன்றவை கேட்டவுடனே நிரலை எழுதித் தருகின்றனவே, பின் எதற்குக் கற்கவேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். கால்குலேட்டர் வந்தபின்னும் வாய்ப்பாட்டை நாம் விட்டுவிடவில்லை. அது எழுதித் தருவது நாற்பத்தொன்பது சுற்றா பதின்மூன்று சுற்றா என்று பார்த்தறிய ஒரு கண் வேண்டும். தொடங்கும் ஆண்டில் அதைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைப்பது நல்லது.

கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? கைப்பேசியின் சிறு திரை இதற்கு ஏற்றதன்று. பழைய லேப்டாப் ஒன்று போதும். ஸ்கிராட்சை ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே இயங்கும். பெயரைப் பதிந்து கணக்குத் தொடங்கவேண்டிய அவசியமும் இல்லை. அதற்கும் வழியில்லாத வீடுகள் உண்டு என்பதை அறிவேன். நம் சபைகளில் அநேகமாய் ஒரு லேப்டாப் இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் பாடல் வரிகளைத் திரையில் காட்டிவிட்டு ஆறு நாளும் அலமாரியில் ஓய்ந்திருக்கிறது. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஒரு கல்லூரி வாலிபரின் மேற்பார்வையில், இரண்டிரண்டு பிள்ளைகளாகப் பெற்றோரோடு உட்காரச் சொல்லலாம். போதகரிடம் கேளுங்கள், மறுக்கமாட்டார். பிள்ளைகளுக்கென்று அதில் தனியாக ஒரு பயனர் கணக்கை மட்டும் திறந்துகொடுங்கள். ஞாயிறு காலையில் முதற்பாடலுக்குப் பதிலாகத் திரையில் பூனை வந்து நின்றால், ஆராதனை நடத்துகிற சகோதரர் இந்தப் பத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்.